சிறு தொழிலுக்குக் கடன்: தொகையைப் பார்க்க முன் தவணையைப் பாருங்கள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ சிறு தொழில் செய்கிறவர்களிடம் வங்கிக் கடன் பற்றிக் கதை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பேச்சுகள்தான் வரும். "பேங்க்காரன் இருக்கிறவனுக்குத்தான் குடுப்பான்" என்பது ஒன்று. "லோன் எடுத்து ஆர் உருப்பட்டது" என்பது மற்றது. இரண்டும் சும்மா வந்த பேச்சில்லை, பட்டவர்கள் சொல்வதுதான். ஆனால் இந்த இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறவர்கள், எடுக்க வேண்டிய கடனை விட்டுவிட்டு, எடுக்கவே கூடாத கடனைக் கிழமைத் தவணைக்கு எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

தொகை, வட்டி இரண்டையும் பற்றி எல்லோரும் கேட்கிறோம். காசு தொழிலுக்குள் போய்த் திரும்பிவர எத்தனை நாள் எடுக்கும், தவணை எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், இந்த இரண்டும் ஒத்துப்போகுமா என்று கேட்பவர்கள் குறைவு. தொழிலை வளர்ப்பதும் விழுத்துவதும் பெரும்பாலும் அந்தப் பொருத்தம்தான்.

வங்கி கொடுப்பது யாருடைய காசு

உன்னிச்சைக் குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாரி மழையில் எங்கெங்கோ விழுந்த தண்ணீர் ஓடிவந்து ஓரிடத்தில் தேங்குகிறது. பிறகு ஆரம்பக் கூட்டம் வைத்து, எத்தனை ஏக்கர் செய்வது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவெடுத்துத்தான் வாய்க்காலில் விடுகிறார்கள். குளத்தில் தண்ணீர் நிறைய இருந்தால் மட்டும் போதாது, கதிர் பறியும் நேரத்தில் வயலுக்கு வந்து சேர வேண்டும். வெட்டுக்கு நிற்கும் வயலுக்குள் அதே தண்ணீர் வந்தால் பயிர் நாசம்.

வங்கியும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆசிரியர் ஒருவரின் சம்பளத்தில் மிஞ்சியது, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியது, கடைக்காரரின் அன்றாட விற்பனை எல்லாம் வைப்பாக வந்து சேர்கின்றன. வைப்பு என்பது மக்கள் வங்கிக்குக் கொடுத்து வைத்த கடன். கேட்டால் வங்கி திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் காசிலிருந்துதான் தொழில் செய்கிறவருக்குக் கடன் போகிறது. வைப்புக்குக் கொடுக்கும் வட்டிக்கும் கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் வங்கியின் சம்பளம், கட்டடம், வராக்கடன் நட்டம், இலாபம் எல்லாம் அடங்கும்.

ஆகவே முகாமையாளர் துருவித் துருவிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கொடுத்த கடன் திரும்பி வராவிட்டாலும் வைப்பாளருக்கு வங்கி பதில் சொல்ல வேண்டும்.

ஒரு அரிசிமாத் தொழில்

பொதுவாகவே பேசிக்கொண்டு போனால் விளங்காது. களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு அக்கா பிட்டு மா, இடியப்ப மா, மிளகாய்த்தூள் செய்து பக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசியை ஊறவைத்து, வடித்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வந்து, வீட்டு அடுப்பில் தாச்சியில் வறுக்கிறார். கடைக்காரர் உடனே காசு தரமாட்டார். இந்தக் கிழமை போட்ட பக்கெட்டுக்கு அடுத்த முறை போகும்போதுதான் காசு, அதுவும் விற்ற அளவுக்கு.

இந்த அக்காவுக்கு இரண்டு தேவைகள். ஒன்று, சொந்தமாக அரைக்கும் மெசினும் வறுக்கும் மெசினும். அது பல வருடம் உழைக்கும். மற்றது, பெரும்போக வெட்டு முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் நெல் மலிவாக இருக்கும்போது மொத்தமாக வாங்கிக் களஞ்சியப்படுத்தக் காசு. அது சில மாதங்களில் மாவாகி, பக்கெட்டாகி, திரும்பவும் காசாகி விடும்.

முதலாவது நிலையான சொத்துக்கான காசு. இரண்டாவது தொழிற்படு மூலதனம், அதாவது சரக்கு வாங்கவும் கூலி கொடுக்கவும் கடைக்காரரிடம் நிற்கும் காசு வரும்வரை தாக்குப்பிடிக்கவும் தேவைப்படும் சுழற்சிக் காசு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

மெசினுக்கு 6 இலட்சம் ரூபா வேண்டும், வட்டி வருடத்துக்கு 15% என்று ஒரு கணக்குப் போடுவோம். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி என்றால், ஒரு வருடத்தில் கட்டி முடிக்க மாதம் ஏறத்தாழ 54,150 ரூபா கட்ட வேண்டும். மூன்று வருடம் என்றால் மாதம் ஏறத்தாழ 20,800. மெசின் வந்தபிறகு மாதம் 25,000 ரூபா மேலதிகமாகக் கிடைக்கும் என்றால், ஒரு வருடக் கடன் அவரை மூன்றாம் மாதமே வட்டிக்காரரிடம் அனுப்பிவிடும். மூன்று வருடக் கடனில் தவணையும் போய்க் கையிலும் கொஞ்சம் நிற்கும். தொகை ஒன்று, வட்டி வீதம் ஒன்று, முடிவு மட்டும் வேறு. மூன்று வருடத்தில் மொத்த வட்டி ஏறத்தாழ 1,49,000 ரூபா, ஒரு வருடத்தில் 50,000 ரூபாவுக்குக் கிட்ட. உண்மைதான், நீண்ட கடனுக்கு மொத்த வட்டி கூட. ஆனால் மாதாமாதம் கட்ட முடியாத மலிவுக் கடன் மலிவே இல்லை.

தலைகீழாகச் செய்தாலும் பிழைதான். நெல் வாங்க மூன்று வருடக் கடன் எடுத்தால், நெல் நாலு மாதத்தில் விற்றுத் தீர்ந்துவிடும், கைக்கு வந்த காசு வீட்டுக் கூரைக்கோ சாமத்தியச் சடங்குக்கோ போய்விடும், தவணை மட்டும் இன்னும் இரண்டரை வருடத்துக்கு ஓடும். இதை நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்.

இதுவரை சொன்னது: வங்கி கொடுப்பது பிறருடைய காசு, நீண்டகாலம் உழைக்கும் பொருளுக்கு நீண்ட தவணை, சில மாதத்தில் காசாகும் சரக்குக்குக் குறுகிய தவணை.

எந்தத் தேவைக்கு எந்த வழி

மெசின், கட்டடம் போன்றவற்றுக்குத் தவணைக் கடன். வாகனம், மெசின் இரண்டுக்கும் லீசிங் இன்னொரு வழி: கட்டி முடியும்வரை பொருள் நிறுவனத்துக்குச் சொந்தம், நீங்கள் பாவித்துக்கொண்டு மாதாமாதம் கட்டுகிறீர்கள். காணி உறுதி இல்லாதவருக்கு இது உதவும், ஏனென்றால் பொருளே பிணை.

சரக்குக்கு மேலதிகப்பற்று பொருத்தம். நடைமுறைக் கணக்கில் காசு இல்லாதபோதும் ஒரு எல்லைவரை எடுக்க வங்கி விடும், எடுத்த தொகைக்கு எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. விற்பனைக் காசு வந்து விழுந்தால் கடன் தானாகக் குறையும். நகை அடகும் இதே வேலையைச் செய்கிறது. அவசரத்துக்கு மிக வேகமான வழி அதுதான், குறுகிய காலச் சரக்குக்கு அது பிழையும் இல்லை. மீட்கும் திகதியைச் சரக்கு விற்று முடியும் திகதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் வட்டியே வேண்டாம் என்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் வழி உண்டு. முராபஹா முறையில், உங்களுக்குத் தேவையான பொருளை நிறுவனமே வாங்கி, தன் இலாபத்தைச் சேர்த்து, முன்கூட்டியே சொன்ன ஒரே விலைக்கு உங்களுக்குத் தவணையில் விற்கிறது. 2011 முதல் இயங்கும் அமானா வங்கி முழுக்க இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. வேறு வங்கிகளிலும் இதற்கெனத் தனிப்பிரிவுகள் உள்ளன. இங்கும் தவணை பொருந்துகிறதா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், வங்கி என்றாலே பெரிய வணிக வங்கி என்று நினைத்துக்கொள்ளக்கூடாது. பிரதேச அபிவிருத்தி வங்கி, சமுர்த்தி வங்கி, சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் எல்லாம் சின்னத் தொகைக்குப் பழகியவை. பத்துப் பேருக்குள் வேலை செய்யும், வருட விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாவுக்கு மேல் போகாத தொழிலை இலங்கையின் கொள்கைச் சட்டகம் நுண் தொழில் என்கிறது. நமது ஊர்த் தொழில்களில் மிகப் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும்.

பிறகு ஏன் நமக்கு இல்லை என்கிறார்கள்

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வங்கிக்கு உங்களைத் தெரியாது. உங்கள் மா நல்ல மா என்று ஊருக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும், ஆனால் முகாமையாளர் மேசையில் அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பெரிய கம்பனிக்கு கணக்காய்வு செய்த கணக்குகள் இருக்கும். உங்களிடம் கொப்பியில் பென்சிலால் எழுதியது இருக்கும், சிலரிடம் அதுவும் இராது. தெரியாத ஒன்றுக்கு வங்கி பயப்படுகிறது. அந்தப் பயத்துக்கு ஈடாகத்தான் காணி உறுதியும் இரண்டு அரச உத்தியோகத்தர் பிணையும் கேட்கிறது.

காணியைப் பிடுங்கத்தான் வங்கி கடன் தருகிறது என்ற பேச்சும் உண்டு. காணியை ஏலம் போடுவது வங்கிக்கு இழுபறியான வேலை, பெயரும் கெடும். தவணை ஒழுங்காக வருவதுதான் அதற்கு இலாபம். ஆனால் ஏலம் நடக்கவே நடக்காது என்றும் இல்லை. நீதிமன்றம் போகாமலே ஈடு வைத்த சொத்தை விற்க 1990 ஆம் ஆண்டின் சட்டமொன்று வங்கிகளுக்கு அதிகாரம் கொடுக்கிறது. பராட்டே என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பொருளாதார நெருக்கடியில் சிறு, நடுத்தரத் தொழில்கள் விழுந்தபோது 2024 இல் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தி வைத்தது ஏலத்தைத்தான், கடனையோ வட்டியையோ இல்லை.

நமது மாவட்டங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல்: நிறையப் பேரிடம் இருப்பது பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயலும் வீடும் வைத்திருப்பவர்கூட உறுதிக் காணிபோல அதை நினைத்த இடத்தில் ஈடு வைக்க முடியாது. ஆள் ஏழையில்லை, சொத்தும் இருக்கிறது, வங்கியின் கணக்கில் மட்டும் அது சொத்தாக வராது. இது தொழில் செய்கிறவரின் பிழையே இல்லை என்பதை அழுத்தியே சொல்கிறேன்.

பிணை இல்லாதவருக்காகவே கடன் உத்தரவாதம் என்ற ஏற்பாடு இருக்கிறது. கடன் வராமல் போனால் நட்டத்தில் ஒரு பங்கை மூன்றாவது நிறுவனம் வங்கிக்குக் கொடுக்கும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் இலங்கையில் அமைக்கப்பட்டது இதற்குத்தான். கடனுக்குப் போகும்போது "உத்தரவாதத் திட்டத்துக்குள்ள இதைப் போடலாமா" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், கேட்காமல் யாரும் சொல்லப் போவதில்லை.

தொழிலின் தடயம்

பயத்தைக் குறைக்கும் மலிவான வழி, தொழிலுக்கு ஒரு தடயம் உண்டாக்குவது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். வீட்டுக் காசையும் தொழில் காசையும் பிரித்து, தொழிலுக்கென்று ஒரு கணக்கு வைத்து, விற்பனைக் காசை முதலில் அதற்குள் போட்டுவிட்டுப் பிறகு எடுங்கள். போனில் ஸ்கேன் பண்ணிக் காசு கட்டும் லங்கா கியூஆர் மூலம் வாங்கும் சின்னச் சின்னத் தொகையும் கணக்கில் பதியும். ஆறு மாதம், ஒரு வருடம் இப்படி ஓடினால், கணக்குக் கூற்றைப் பார்க்கும் உத்தியோகத்தருக்குப் பெரும்போக வெட்டுக்குப் பிறகு காசு வெளியே போவதும், சித்திரைப் புத்தாண்டுக்கும் நோன்புக்கும் முன்னால் விற்பனை ஏறுவதும் கண்ணால் தெரியும். அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டித்தான் தவணையைப் பேசி வாங்கலாம்.

இன்னொரு தடயம் கிரிப். இது 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த கடன் தகவல் பணியகம். யார் எங்கே எவ்வளவு கடன் எடுத்தார், எப்படிக் கட்டுகிறார் என்ற பதிவை வைத்திருக்கிறது. "கிரிப்பில பேர் விழுந்திட்டு" என்று ஏதோ கறுப்புப் பட்டியல் மாதிரிச் சொல்கிறார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவரின் பெயரும் அங்கே இருக்கிறது, அது அவருக்கு நல்லது. கடனைக் கொடு, கொடுக்காதே என்று கிரிப் யாருக்கும் சொல்வதில்லை. அறிக்கையைப் பார்த்து வங்கிதான் முடிவெடுக்கிறது. நீங்கள் பிணை நின்ற கடனும் அங்கே தெரியும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மச்சானுக்குப் பிணை நின்று, மச்சான் கட்டாமல் விட்டால், உங்கள் மெசினுக்கான கடன்தான் தடைப்படும். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு எடுத்துப் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம்.

சுருக்கமாக: வங்கி மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் உங்களைப் பற்றிய தகவல் இல்லாததும் அது ஏற்கும் பிணை இல்லாததும். முதலாவதை நீங்கள் சரிசெய்யலாம்.

கிழமைத் தவணைக் கடன் எங்கே பிழையாய்ப் போனது

நுண்கடன் என்பது பிணை இல்லாதவருக்குச் சின்னத் தொகையைக் கொடுக்கும் முறை. பங்களாதேஷில் முஹம்மது யூனுஸ் 1976 இல் தொடங்கிய முயற்சி 1983 இல் கிராமின் வங்கியானது. காணிக்குப் பதிலாகக் குழு. ஐந்தாறு பெண்கள் சேர்ந்து எடுப்பார்கள், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வங்கிக்குத் தெரியாத ஆளை அயலவருக்குத் தெரியும் என்பதுதான் இதன் அடிப்படை. யோசனை நல்ல யோசனை.

வட்டி ஏன் கூட? 50,000 ரூபாக் கடனுக்கும் 5 இலட்சம் ரூபாக் கடனுக்கும் உத்தியோகத்தர் ஒரே தூரம்தான் மோட்டார் சைக்கிளில் போகிறார், ஒரே படிவம்தான் நிரப்புகிறார். அந்த வேலைக்கு 5,000 ரூபா செலவென்றால் சின்னக் கடனில் அது 10%, பெரிய கடனில் 1%. இது நியாயமான காரணம். ஆனால் நமது ஊர்களில் நடந்தது இந்தக் காரணத்தைத் தாண்டியது.

யுத்தம் முடிந்த பிறகு கிழக்குக்குப் பல கம்பனிகள் வந்தன. ஒரே பெண்ணுக்கு நாலைந்து கம்பனிகள் கொடுத்தன. தவணை கிழமைக்கு ஒருமுறை. தினமும் அப்பமும் வடையும் விற்கிறவருக்குக் கிழமைத் தவணை சரிவரலாம். வயல் செய்கிறவருக்கு, கோழி வளர்க்கிறவருக்கு, மருதமுனையில் தறி போட்டு நெய்த சாரத்தைக் கடைக்குக் கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருப்பவருக்கு அடுத்த கிழமையே வருமானம் எங்கிருந்து வரும்? அதனால் முதல் கம்பனிக்குக் கட்ட இரண்டாவது கம்பனி, அதற்குக் கட்ட மூன்றாவது. குழுவுக்குள் கட்டாதவரின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதும் கூட எடுத்த பெண்கள்தான், அயலுக்குள் முகம் முறிந்ததும் அவர்களுக்குத்தான். காலம் பொருந்தாத கடனின் பிழையை, கட்டும் ஒழுக்கம் இல்லாத பெண்கள் என்று திருப்பிச் சொன்னதை என்னால் ஏற்கவே முடியாது.

2016 இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதற்குள் பலருடைய நகையும் நிம்மதியும் போய்விட்டன.

வட்டி என்று சொல்லும் எண்ணுக்குப் பின்னால்

ஒரு இலட்சம் ரூபா, 24% வட்டி, 12 மாதம். இரண்டு இடங்களில் இதே மூன்று எண்களையும் சொல்வார்கள், தவணை வேறாக வரும்.

ஓரிடத்தில், முழுத் தொகைக்கும் முழு வருடத்துக்கும் 24,000 ரூபா வட்டி போட்டு, 1,24,000 ரூபாவைப் பன்னிரண்டாகப் பிரிப்பார்கள்: மாதம் 10,333 ரூபா. இது தட்டை வட்டி. மற்ற இடத்தில், மாதாமாதம் மீதியாக இருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி போடுவார்கள்: மாதம் ஏறத்தாழ 9,456 ரூபா, மொத்த வட்டி ஏறத்தாழ 13,470. இது குறைந்து செல்லும் மீதி வட்டி. தட்டை வட்டிக்காரர் சொன்ன 24% ஐ மற்ற முறையில் சொன்னால் ஏறத்தாழ 42% ஆகிறது, ஏனென்றால் ஆறாம் மாதம் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழு இலட்சத்துக்கும் வட்டி ஓடுகிறது.

அடுத்தது, வட்டி நிலையானதா மாறுவதா என்பது. வங்கிகளுக்கு மத்திய வங்கி நிர்ணயிக்கும் கொள்கை வட்டி ஏறினால் மாறும் வட்டிக் கடனின் தவணையும் ஏறும். 2022 ஏப்ரலில் ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார்கள்; மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த அரிசி ஆலைக்காரரும் ஹோட்டல்காரரும் அந்த வருடம் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2025 மே மாதம் அது 7.75% க்கு இறங்கியிருந்தது.

மானிய வட்டிக் கடன் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கி கேட்கும் வட்டியில் ஒரு பகுதியை அரசாங்கம் கட்டுகிறது, மீதியை நீங்கள் கட்டுகிறீர்கள். எடுத்த முதல் தொகை முழுக்க உங்கள் கடன்தான். அரசாங்கக் காசு, பிறகு தள்ளுபடி செய்வார்கள் என்று நம்பிக் கட்டாமல் விட்டவர்கள் கிரிப்பில்தான் நிற்கிறார்கள்.

தவணை தவறப் போகிறது என்றால்

வெள்ளம் வந்து நெல் நனைந்துவிட்டது, அறுகம்பையில் சுற்றுலாச் சீசன் படுத்துவிட்டது, இப்படி ஏதாவது நடந்தால் தவணை தவற முதலே வங்கிக்குப் போங்கள். போன் எடுக்காமல் ஒளிப்பதுதான் நம் ஆட்கள் அதிகம் செய்வது. முதலே போனால் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கலாம், கொஞ்ச மாதம் வட்டி மட்டும் கட்டும்படி கேட்கலாம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாத் துறைக்கும், கொவிட் காலத்தில் பல தொழில்களுக்கும் கொடுத்த சலுகைக் காலத்தில் நிறையப் பேர் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொண்டார்கள்: தவணை நின்றால் வட்டியும் நின்றுவிடும் என்று. வட்டி எப்படிச் சேரும், எங்கே கூட்டப்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்து வைக்க முன் கடன் அனுமதிக் கடிதத்தைத் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதில் வட்டி தட்டையா குறைந்து செல்லும் மீதிக்கா, நிலையானதா மாறுவதா, ஆவணக் கட்டணமும் காப்புறுதியும் எவ்வளவு, இடையில் கட்டி முடித்தால் தண்டம் உண்டா, தவறினால் மேலதிக வட்டி எவ்வளவு என்று பாருங்கள். பிறகு உங்கள் கொப்பியில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே வரும் காசையும் போகும் தவணையையும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மா காயாத மாதங்களையும் சேர்த்துத்தான். எந்த மாதம் இடிக்கிறதோ அதைக் காட்டி, அந்த மாதத் தவணையை மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் பக்கத்து வங்கியிலும் கேளுங்கள். நிறுவனம் அனுமதி பெற்றதா என்பதை மத்திய வங்கியின் பட்டியலில் பார்க்கலாம், முறைப்பாடு இருந்தால் அங்குள்ள நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.